தைப்பேயில் தனியாக: யாருமே பேசமாட்டார்களா?

கேள்வி, 2024 அக்டோபர் 3

"தைவான், ஜப்பான், கொரியா எல்லாம் ஒரே மாதிரிதான். சுத்தம் உண்டு, ஒழுங்கு உண்டு, பயமில்லாமல் நடக்கலாம். ஆனால் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். கூட்டமாகப் போனால் இது தெரியாது. தனியாக, அதுவும் மொழி தெரியாமல் போனால் பத்தே நாளில் வீட்டு ஞாபகம் வந்து டிக்கெட்டை மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்."

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று மத்தியானம்தான் தைப்பேயில் இறங்கினேன். நவம்பர் 28 வரை இருப்பேன். முதல் வெளிநாடு, துணைக்கு ஆள் கிடையாது. மறுக்கவோ ஒத்துக்கொள்ளவோ இன்னும் எதுவும் தெரியாது. பார்க்கப் பார்க்க எழுதுகிறேன்.

ஏன் தைவான் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எங்கள் ஊர் செய்யாறு பக்கம். விடியும் முன்பே ஷூ கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நிற்கும், எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் ஏறிப் போவார்கள். என் சித்தி மகளும் அதில்தான் போகிறாள். கம்பெனி தைவான்காரர்களுடையது. அந்த முதலாளிகளின் ஊர் எப்படி இருக்கும் என்று பத்து வருஷமாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

அறை தாடாவோசெங் என்ற பழைய பகுதியில், ஒரு கட்டிடத்தின் மூன்றாவது மாடி. முதல் நாளில் கண்ணில் பட்டவை: வண்டிகள் வலது பக்கம் போகின்றன. தெருவைக் கடக்கும்போது என் தலை தானாகத் தப்பான பக்கம் திரும்புகிறது. நடப்பவர்களுக்கான சிக்னலில் ஒரு பச்சை மனிதன் நடக்கிறான், நேரம் குறையக் குறைய ஓடுகிறான். 1999இல் இந்த நகரத்தில்தான் அவன் முதலில் ஓட ஆரம்பித்தானாம். மெட்ரோவில் அவ்வளவு பேர் இருந்தும் மூச்சு விடும் சத்தம் கேட்கிறது. கேள்வி கேட்டவர் சொன்னது சரிதானோ என்று முதல் நாளே தோன்றிவிட்டது.

அக்டோபர் 7

வாழைப்பழத் தோல் ஒன்றைக் காலை 9 மணியிலிருந்து கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். தெருவில் குப்பைத் தொட்டியே காணோம். தெரு மட்டும் துடைத்துவிட்டது போல இருக்கிறது. இது எப்படி என்று புரியவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

புரிந்துவிட்டது.

சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே நம் ஊரில் கார் ரிவர்ஸ் எடுக்கும்போது வருமே, அந்த ட்யூன் கேட்டது. பீத்தோவனின் ‘ஃபர் எலிஸ்’. சனிக்கிழமையும் கேட்டது, நேற்றும் கேட்டது. யாரோ ரொம்ப நேரமாக வண்டியைப் பின்னால் எடுக்கப் பாடுபடுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன். இன்று எட்டிப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் பெரிய குப்பை லாரி. தெரு முழுக்க ஆட்கள், கையில் ஒரே மாதிரி நீலப் பைகள். லாரி நிற்கிறது, அவரவர் பையை அவரவரே தூக்கி உள்ளே எறிகிறார்கள். பின்னால் இன்னொரு லாரி, அது மறுசுழற்சிக்கு. அதிலேயே மிச்சச் சாப்பாட்டுக்கு இரண்டு வாளிகள் தனியாக. சமைத்த மிச்சம் ஒன்றில், அது பன்றித் தீவனத்துக்கு. பச்சைத் தோல், காய்கறிக் கழிவு இன்னொன்றில், அது உரத்துக்கு. என் வாழைப்பழத் தோல் ஒருவழியாக உரத்துக்குப் போனது.

குப்பை தரையைத் தொடவே கூடாது என்பதுதான் இங்கே விதி. வாசலில் வைத்துவிட்டு உள்ளே போக முடியாது. லாரி வரும் நேரத்துக்கு ஆள் இறங்கி வந்தாக வேண்டும். நீலப் பையை மாநகராட்சி விற்கிறது. குப்பை வாருவதற்கான கட்டணம் பையின் விலைக்குள்ளேயே இருக்கிறது, 2000ஆம் ஆண்டிலிருந்து இந்த ஏற்பாடு. லிட்டருக்கு 0.36 தைவான் டாலர். நம் கணக்கில் ஒரு ரூபாய்க்கும் குறைவு. குப்பை குறைந்தால் செலவும் குறைகிறது. மறுசுழற்சிப் பொருளுக்குப் பணம் கிடையாது என்பதால் எல்லோரும் ஒழுங்காகப் பிரிக்கிறார்கள். நம் ஊர்களிலும் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறதுதான். பைக்கு விலை வைத்ததுதான் இங்கே ஆட்களை மாற்றியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதே நாள், இரவு

புதன், ஞாயிறு லாரி வராது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை புதன்.

அக்டோபர் 10

இன்று தேசிய நாள், எங்கும் கொடி. பால் டப்பாவில் ‘113.10.15’ என்று தேதி போட்டிருந்தது, கடையில் நின்று கொஞ்சம் குழம்பினேன். 1912ஐ முதல் ஆண்டாக வைத்து எண்ணுகிறார்கள். இது 113ஆம் ஆண்டு. பால் கெடவில்லை.

அக்டோபர் 12, சனி

"சைவம் கிடைக்குமா, புரட்டாசியில் போயிருக்கிறீர்களே" என்று கேட்டவருக்கு.

முதல் மூன்று நாள் கஷ்டப்பட்டேன் என்பது உண்மை. கீரை என்று காட்டி வாங்கினால் அதன் மேலேயே பன்றிக்கறிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அது ருசிக்காக ஊற்றுவது, கறி என்ற கணக்கிலேயே வராது. அப்புறம்தான் ஒரு கடைப் பலகையில் ஸ்வஸ்திகா மாதிரி ஒரு குறியைப் பார்த்தேன். நம் குறிக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், பௌத்தக் குறி. அது போட்டிருந்தால் சைவக் கடை. உள்ளே போனால் ஐம்பது அறுபது தட்டுகளில் பதார்த்தங்கள் வரிசையாக இருக்கும். வேண்டியதை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டால் தராசில் நிறுத்து விலை சொல்வார்கள். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ‘வோ ச்சி சூ’ என்று ஒரு வாக்கியம் கற்றுக்கொண்டேன். நான் சைவம் என்று அர்த்தம். எங்கே சொன்னாலும் மரியாதையோடு தலையாட்டுகிறார்கள்.

வெங்காயம், பூண்டு கூடச் சேர்க்காத சைவம் ஒன்று உண்டு. கடைகளில் விற்கும் பாக்கெட்டுகளில் சைவத்தை ஐந்து வகையாகப் பிரித்து எழுத வேண்டும் என்று சட்டமே இருக்கிறது: சுத்த சைவம், முட்டை சேர்ந்தது, பால் சேர்ந்தது, இரண்டும் சேர்ந்தது, வெங்காயம் பூண்டு வகை சேர்ந்தது. நம் நாட்டுப் பச்சைப் புள்ளியைவிட இது தெளிவாக இருக்கிறது.

அக்டோபர் 14

எந்தக் கடையில் எது வாங்கினாலும் ஒரு சின்ன பில் கையில் திணிக்கிறார்கள். தங்கியிருக்கும் இடத்துக்காரரின் மகள் நேற்று படிக்கட்டில் என்னைப் பார்த்துவிட்டு, கசக்கிய பில்லைக் கையிலிருந்து வாங்கி நிமிர்த்தித் திருப்பிக் கொடுத்தாள். ஒவ்வொரு பில்லும் ஒரு லாட்டரிச் சீட்டாம். எட்டு இலக்க எண். கடைக்காரர்கள் விற்பனையை மறைக்காமல் பில் போட வேண்டும் என்பதற்காக 1951இல் அரசாங்கம் ஆரம்பித்தது. வாங்குகிறவரே பில் கேட்டு வாங்கிவிடுவார் இல்லையா? ஒற்றைப்படை மாதங்களில் 25ஆம் தேதி குலுக்கல். பெரிய பரிசு ஒரு கோடி தைவான் டாலர். கடைசி மூன்று எண் மட்டும் பொருந்தினால் 200. வெளிநாட்டுக்காரர்களுக்கும் உண்டு. கடை வாசலில் பெட்டி வைத்திருக்கிறார்கள், வேண்டாத பில்லை அதில் போட்டால் தொண்டு நிறுவனங்களுக்குப் போகும்.

ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அக்டோபர் 17

ஐப்பசி பிறந்துவிட்டது. பழக்கத்தில் அதே சைவக் கடைக்குப் போனால் வாசல் வரைக்கும் வரிசை. காரணம் புரியாமல் நின்றேன். வீட்டுக்கு வந்து நாள்காட்டியைப் பார்த்தால் பௌர்ணமி. சந்திர மாதத்தில் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இங்கே நிறையப் பேர் கறி தொடுவதில்லை. அமாவாசைக்கு எங்கள் வீட்டில் மீன் வாங்கமாட்டார்கள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிலாவைப் பார்த்துத்தான் அடுப்பு எரிகிறது. வரிசையில் நின்றிருந்தபோது, ஒருவர் பேசாவிட்டாலும் முதல் முறையாக வெளியாள் என்ற நினைப்பு இல்லாமல் நின்றேன்.

அக்டோபர் 20

மெட்ரோ அமைதி என்று முதல் நாள் எழுதினேன். அதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பெயரை நான்கு மொழியில் சொல்கிறார்கள்: மாண்டரின், ஆங்கிலம், ஹொக்கியன், ஹக்கா. ஹொக்கியனைத்தான் இங்கே தைவான் மொழி என்கிறார்கள். பொது வாகனங்களில் மாண்டரினோடு ஹொக்கியனிலும் ஹக்காவிலும் அறிவிக்க வேண்டும் என்று 2000இல் சட்டம் வந்தது. அதற்கு முன் கதையே வேறு. 1949 முதல் 1987 வரை 38 வருஷம் ராணுவச் சட்டம். பள்ளிக்கூடத்தில் மாண்டரின் தவிர வேறு மொழி பேசினால் அபராதம், இல்லையென்றால் கழுத்தில் அட்டை.

இதைப் படித்த பிறகு, அடுத்த ஸ்டேஷன் பெயர் நான்கு தடவை வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன். மொழிக்காக ஊரே தெருவில் இறங்கிய கதையைச் சொல்லிச் சொல்லித்தான் என் தாத்தா எங்களை வளர்த்தார். அவர் இருந்திருந்தால் இந்த ரயிலில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்.

அமைதிக்கு இன்னொரு காரணம், வண்டியில் தின்னவோ குடிக்கவோ முடியாது. தண்ணீர் கூட. அபராதம் 1,500இலிருந்து 7,500 டாலர் வரை. சிப்ஸ் பாக்கெட் சத்தம் இல்லாத ரயிலை இப்போதுதான் பார்க்கிறேன்.

அக்டோபர் 22

ஊரே அமைதி என்று நான் எழுதியதை இன்று திருத்துகிறேன். காலை 7.30க்கு தாச்சியாவ்தோ ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். தம்சுய் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து தைப்பே பாலத்தின் மேல் வேலைக்கு வரும் ஸ்கூட்டர்கள் எல்லாம் சரிவில் ஒன்றாக இறங்குகின்றன. இவர்களே அதற்கு ஸ்கூட்டர் அருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குற்றாலத்தில் மெயின் அருவி கொட்டும்போது வரும் இரைச்சல் அது. ஆனால் ஹாரன் மட்டும் இல்லை. அரை மணி நேரம் நின்று எண்ணினேன், இரண்டே தடவைதான் ஹாரன் கேட்டது.

நடைபாதை பற்றியும் சொல்ல வேண்டும். பழைய தெருக்களில் கடைகளின் முன்பக்கம் மாடிக்கு அடியில் நீளமாக நிழல் நடை இருக்கிறது, தொடர்ச்சியான திண்ணை மாதிரி. மழையில் நனையாமல் நாலு தெரு போகலாம். ஆனால் ஒவ்வொரு கடைக்காரரும் அவர் இஷ்டத்துக்குத் தரையை உயர்த்தியிருக்கிறார். பத்தடிக்கு ஒரு படி ஏறி இறங்க வேண்டும், நடுவில் ஸ்கூட்டர் நிறுத்தியிருப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு ஒழுங்கு என்று எல்லோரும் சொல்வது இந்தத் திண்ணைகளுக்குப் பொருந்தாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

அக்டோபர் 26, சனி

கேள்வி கேட்டவருக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

நாலு நாளாக யாரோடும் பேசவில்லை. கடையில் பை வேண்டுமா என்று கேட்பார்கள், தலையாட்டுவேன், நன்றி சொல்வேன், அவ்வளவுதான். எல்லோரும் நல்லவர்கள். வழி கேட்டால் கூடவே நடந்து வந்து காட்டுகிறார்கள், காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். நேற்று ராத்திரி என் குரலைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே வாய்விட்டு எண்களைச் சொல்லிப் பழகினேன். யி, அர், சான், ஸ, வூ. தெருவில் சும்மா யாராவது "எந்த ஊரும்மா, எத்தனை பிள்ளைங்க" என்று கேட்டால் நம் ஊரில் எரிச்சல்படுவேன். இப்போது அந்தக் கேள்விக்கு ஏங்குகிறேன்.

நீங்கள் சொன்னது பாதி உண்மை. டிக்கெட்டை மாற்றவில்லை. ஆனால் எவ்வளவு ஆகும் என்று பார்த்தேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

லாரிக்காகக் காத்திருந்தோம். பக்கத்தில் எப்போதும் நிற்கும் ஒரு பாட்டி, எழுபது வயது இருக்கும், என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். மாண்டரினே எனக்குப் பத்து வார்த்தைதான், இது அதுவும் இல்லை. அவர் கையைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். ‘ஜியா பா புவே?’ சாப்பிட்டாயா?

ஹொக்கியனில் பார்த்ததும் கேட்பதே இதுதானாம். எனக்குச் சட்டென்று தொண்டை அடைத்துக்கொண்டது. இருபத்தி நாலு நாளாக என்னை யாரும் கேட்காத கேள்வி. எங்கள் தெருவில் கடந்து போகிறவர்கள் எல்லோரும் கேட்பது.

போனை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழில் சொன்னேன், அது அவருக்கு மாண்டரினில் பேசியது. எந்த ஊர், கல்யாணம் ஆயிற்றா, ஏன் தனியாக வந்தாய், வாடகை எவ்வளவு, இவ்வளவு ஒல்லியாக இருக்கிறாயே. எல்லாமே கேட்டார்! அதற்குள் சுற்றிலும் ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். லாரி போன பிறகும் யாரும் போகவில்லை.

மூன்று வாரமாக அதே இடத்தில், அதே நேரத்தில், அதே ஆட்களோடு நின்றிருக்கிறேன். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். நான்தான் பையை எறிந்துவிட்டு உடனே மேலே ஓடிவிடுவேன். நம் ஊரில் குழாயடி எப்படியோ, இந்த ஊரில் குப்பை லாரி அப்படி. ஒரே வேலைக்காக எல்லோரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தாக வேண்டிய இடம் அது. கஃபேயிலும் கோயிலிலும் மெட்ரோவிலும் பேச ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.

தெருவில் எல்லோரும் அவரை ‘ஆமா’ என்று கூப்பிடுகிறார்கள். ஹொக்கியனில் பாட்டி. இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

அக்டோபர் 30, இரவு

நாளைக்கு நாடு முழுக்க விடுமுறை. காங்-ரே புயல் வருகிறது. அலுவலகமும் பள்ளியும் மூடல் என்று அறிவித்துவிட்டார்கள். பக்கத்துக் கடையில் ரொட்டியும் நூடுல்ஸும் தீர்ந்துபோயின.

நாளைக்குத் தீபாவளி.

அக்டோபர் 31

ஊரில் விடிகாலை 4 மணி என்றால் இங்கே 6.30. அம்மா எண்ணெய் வைக்கும் நேரத்துக்கு நானும் வைத்தேன். டிஹுவா தெருவில் எள்ளெண்ணெய் என்று பார்த்து வாங்கியது. கருநிறமாக இருந்தது, எள்ளை நன்றாக வறுத்து ஆட்டுகிறார்கள். தலையில் வைத்ததும் அறை முழுக்கச் சமையல் வாசனை. நம் நல்லெண்ணெய் வேறு, இது வேறு, வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். புதுத்துணிக்கு, யோங்லே சந்தையின் மாடியில் துணிக்கடைகள் இருக்கின்றன, தைத்துக் கொடுப்பவர்களும் மேலேயே இருக்கிறார்கள். பூப்போட்ட பருத்தியில் ஒரு மேல்சட்டை தைத்திருந்தேன்.

மத்தியானம் கிழக்குக் கரையில், தைதுங் பக்கம் புயல் கரை ஏறியது. தைப்பேயில் காற்று ஜன்னலைப் பிடித்து உலுக்கியது. பட்டாசுச் சத்தம் இல்லாத குறையே தெரியவில்லை. கீழே கதவு தட்டும் சத்தம். ஆமாவின் பேரன் ஒரு பாத்திரத்தோடு நிற்கிறான். இஞ்சியும் எள்ளெண்ணெயும் போட்ட நூடுல்ஸ். நான் இருந்த அறையின் வாசனைதான் அந்தப் பாத்திரத்திலும்! என் தலையிலிருந்து வரும் வாசனையை அவனும் பிடித்துவிட்டான், இரண்டு பேரும் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

எள்ளெண்ணெயும் இஞ்சியும் இங்கே பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பதாம், ஒரு மாதம். என் அக்காவுக்கு அம்மா பிரசவ மருந்து கிண்டிய கதையைச் செயலியில் சொன்னேன். அது என்ன மொழிபெயர்த்ததோ, அவன் வேகமாகத் தலையாட்டினான்.

நவம்பர் 1

"பத்திரமா?" என்று கேட்ட எல்லோருக்கும்: பத்திரம். தெருக்களில் மரங்கள் விழுந்து கிடக்கின்றன, காலையிலிருந்தே வெட்டி எடுக்கிறார்கள்.

நவம்பர் 5

இதைத்தான் எழுத வேண்டும் என்று இந்தப் பயணம் காத்திருந்தது போலிருக்கிறது.

ஏன் இந்த ஊருக்கு வந்தாய் என்று ஆமா மறுபடி கேட்டார். இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன், செய்யாறு, ஷூ கம்பெனி, சித்தி மகள். அவர் கையில் இருந்த நீலப் பையைத் தரையில் வைத்துவிட்டார். குப்பை தரையைத் தொடக்கூடாத ஊரில்.

ஆமா தைப்பேக்காரர் இல்லை. கல்யாணத்துக்கு முன் சாங்ஹுவாவில் இருந்தவர். பதினாறு வயதிலிருந்து ஷூவின் மேல்பாகம் தைத்தவர். முதலில் தொழிற்சாலையில், பிறகு வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு. 1970களில் ‘வீட்டுக் கூடமே தொழிற்சாலை’ என்று அரசாங்கமே சொல்லி ஊக்கப்படுத்திய காலம். மேட் இன் தைவான் ஷூ உலகமெல்லாம் போனது. 80களின் கடைசியில் கூலி ஏறியதும் கம்பெனிகள் சீனாவுக்குப் போயின, அப்புறம் வியட்நாம், இந்தோனேசியா. அப்புறம் எங்கள் ஊர்.

"அப்போ என் வேலைதான் உன் ஊருக்கு வந்திருக்கு" என்றார். செயலி தமிழில் அதை இயந்திரக் குரலில் வாசித்தது. நான் பதில் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் தைவான் மொழி பேசியதற்கு அபராதம் கட்டியிருக்கிறாரா என்றும் கேட்டேன். விரல் ஐந்தையும் விரித்துக் காட்டினார். ஐந்து தடவையா, ஐந்து காசா என்று தெரியவில்லை. பிறகு தன் வாயையே மெதுவாகத் தட்டிக்காட்டினார்.

நவம்பர் 6

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "முதலாளிகளின் நாட்டை இப்படிப் புகழ்கிறீர்களே, கூலி பற்றிப் பேசினீர்களா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. புகழவில்லை. முதலாளிகளின் ஊர் என்று நினைத்து வந்தேன், தொழிலாளியின் ஊராகவும் இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். கூலி பற்றியும் பேசினோம். ஆமாவுக்கு ஜோடிக் கணக்கில்தான் கூலி. எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேட்டேன், சிரித்தார். விரலில் ஊசி ஏறிய தழும்பு இன்னும் இருக்கிறது. அந்தப் பணத்தில்தான் தம்பி கல்லூரிக்குப் போனான், தனக்கு ஆறாம் வகுப்போடு சரி என்றார். அந்த வரியை என் தெருவில் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 9

செலவு கேட்டவர்களுக்குச் சுருக்கமாக: மெட்ரோ குறைந்தபட்சம் 20 டாலர். ஈஸிகார்டு ஒன்று வாங்கிக்கொண்டால் பஸ், மெட்ரோ, மூலைக்கடை எல்லாவற்றுக்கும் போதும். ஒரு டாலர் இப்போது சுமார் இரண்டரை ரூபாய். ரோட்டுக்கடைச் சாப்பாடு வீட்டில் சமைப்பதைவிட மலிவு, அதனால்தான் பல வீடுகளில் பெரிய சமையலறையே இல்லை. முத்து டீயில் (ஜவ்வரிசி மாதிரி உருண்டைகள் போட்ட டீ) எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு ஐஸ் என்று கேட்பார்கள். பாதிச் சர்க்கரை சொல்லுங்கள், அதுவே நமக்கு அதிகம்.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று லாரி கிடையாது. ஆனாலும் இறங்கினேன். சித்தி மகளுக்கு இன்று லீவு.

கடைத் திண்ணையில் ஆமாவும் நானும் உட்கார்ந்தோம், போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்து வீடியோவில் கூப்பிட்டேன். அவள் வெட்கப்பட்டு முதலில் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். செயலியும் அழைப்பும் ஒரே போனில் சேர்ந்து ஓடவில்லை. ஒரு நிமிஷம் மூன்று பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஆமா இரண்டு கையையும் தூக்கி, இல்லாத மெஷினில் இல்லாத தோலை வைத்து, வளைவில் திருப்பிக் காட்டினார். முன்பக்கம், கால்விரல் வரும் இடம். சித்தி மகள் தலைப்பை விட்டுவிட்டாள். "அக்கா, அது தப்பு, இப்ப அப்படி இல்ல, இப்படி" என்று அவளும் கையைத் தூக்கித் திருப்பினாள். ஆமா அதைக் கவனமாகப் பார்த்து, தானும் ஒரு தடவை அப்படிச் செய்துபார்த்து, சரி என்பதுபோலத் தலையசைத்தார். இருபது நிமிஷம் போனது. நான் மொழிபெயர்க்க எதுவும் இருக்கவில்லை.

வைக்கும் முன் அவள் ஒன்று கேட்கச் சொன்னாள்: "கண்ணு எத்தனை வயசுல மங்க ஆரம்பிச்சுது?" பிறகு செயலியில் கேட்டேன். நாற்பத்தி இரண்டு.

நவம்பர் 18

அந்தக் கடைசி வரி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அவளுக்கு இப்போது முப்பத்தி ஒன்று. கண் பரிசோதனைக்குப் போகச் சொல்லியிருக்கிறேன், பணம் நான் தருகிறேன் என்றும் சொல்லிவிட்டேன்.

நவம்பர் 25, திங்கள்

குலுக்கல் நாள்! பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். நவம்பர் பில்களுக்கு அடுத்த குலுக்கல்தான், அவற்றைத் தனியாக எடுத்துவிட்டோம். அக்டோபர் பில்கள் எழுபத்தி ஒன்று. ஆமாவின் பேரன் எண்களைப் போனில் எடுத்து வைத்தான். நான் ஒவ்வொரு பில்லாகக் கடைசி மூன்று எண்ணை மாண்டரினில் படித்தேன், அந்த நாலு நாள் தனிமையில் பழகியது இப்போது உதவியது. ஐம்பதைத் தாண்டியபோது ஆமா என் கையைப் பிடித்தார். பொருந்திவிட்டது. சோயா பால் வாங்கிய பில். 200 டாலர்.

பணம் அடுத்த மாதம் 6ஆம் தேதியிலிருந்துதான் தருவார்கள். நான் 28ஆம் தேதி கிளம்புகிறேன். பில்லை ஆமாவிடம் கொடுத்தேன். வாங்கமாட்டேன் என்றார். பேரன் கையில் வைத்தேன், அவர் அவனை அதட்டினார். கடைசியில் எனக்காக வாங்கி வைப்பதாகவும், அடுத்த தடவை வரும்போது அந்தப் பணத்தில் சாப்பிடலாம் என்றும் முடிவாயிற்று.

நவம்பர் 26, செவ்வாய்

கேள்வி கேட்டவருக்கு. பத்து நாள் என்றீர்கள், ஐம்பத்தி மூன்று ஆகிறது. இருபத்தி நாலாம் நாள் வரை நீங்கள் சொன்னது சரி. நீங்கள் எங்கே தங்கினீர்கள், குப்பையை யார் எடுத்துப் போனார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஹோட்டல் என்றால் உங்கள் அனுபவமும் உண்மைதான், என்னுடையதும் உண்மைதான்.

நாளை புதன், லாரி வராது. வியாழன் காலை விமானம். அதனால் இன்றைக்கே அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் போட்டுவிட்டேன். நாளைய குப்பைக்கு என்ன செய்வது என்று ஆமாவிடம் கேட்டேன்.

"கதவில் மாட்டிவிட்டுப் போ. வியாழக்கிழமை நான் போட்டுவிடுகிறேன்" என்றார்.